பிடிபடாத பக்கைத் தேட ரீசனிங் மாடலிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: மூன்று வருடமாக ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) பேக்கெண்ட் வேலை செய்கிறேன். எங்கள் ஆர்டர் சிஸ்டத்தில் தினமும் நாலைந்து ஆர்டர்கள் இரண்டு தடவை பதிவாகின்றன. என் லேப்டாப்பில் எவ்வளவு முயன்றும் அது வருவதில்லை. கோடை ஏஐயிடம் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தை அடித்துச் சொல்கிறது. முதலில் பயனர் பட்டனை இரண்டு முறை அழுத்துகிறார் என்றது. பிறகு செலரி (பின்னணி வேலைகளை ஓட்டும் கருவி) டாஸ்க் மறுபடி ஓடுகிறது என்றது, அடுத்து ஜாங்கோ சிக்னல் (ஒரு பதிவு சேமிக்கப்பட்டது போன்ற நிகழ்வில் தானாக ஓடும் கோடு), அடுத்து பேமென்ட் வெப்ஹூக் (பணம் வந்ததைப் பேமென்ட் நிறுவனம் நம் சர்வருக்குத் தெரிவிக்கும் அழைப்பு). நான்கையும் சரிசெய்துவிட்டேன், பக் (கோடில் உள்ள பிழை) அப்படியே இருக்கிறது. ரீசனிங் மாடல்கள் இந்த வேலைக்கு உண்மையிலேயே உதவுமா, இல்லை நான் கேட்கும் விதம் தப்பா?

பதில்:

உதவும். மூன்று வாரம் எங்களை அலைக்கழித்த ஒரு பக்கை அதன் துணையோடு பிடித்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட விதத்தில் கேட்டால் உதவாது. "இந்தக் கோடில் ஏன் டூப்ளிகேட் வருகிறது?" என்று கேட்டால் அது ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிக் கோடில் வழக்கமாக எது தவறும் என்று அதற்குத் தெரியும், அதைச் சொல்லிவிடும். உங்கள் சர்வரில் நேற்று இரவு என்ன நடந்தது என்பது அதற்குத் தெரிய வழியில்லை. நீங்கள் சொல்லவில்லையே.

ரீசனிங் மாடல் எந்த இடத்தில் வேறுபடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எப்படிக் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும். அதற்கு முந்தைய மாடல்கள் கேட்டவுடன் பதிலை எழுத ஆரம்பிக்கும். முதல் வரியில் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால், மீதிப் பதில் முழுக்க அதற்கு வக்காலத்துதான். 2024 செப்டம்பரில் ஓபன்ஏஐ ஓ1 மாடலின் முன்னோட்டத்தை வெளியிட்டது, 2025 ஜனவரியில் டீப்சீக் ஆர்1 வந்தது. விடை சரியா தப்பா என்று எளிதில் சரிபார்க்க முடிகிற கணக்குகளையும் கோடிங் கேள்விகளையும் நிறையக் கொடுத்து, பதிலுக்கு முன் நீளமாக யோசிக்கப் பழக்கிய மாடல்கள் இவை. ஆர்1 யோசிப்பதைத் திரையிலேயே படிக்கலாம். பாதி வழியில் "இரு, இது ஒத்துவரவில்லையே" என்று நின்று, வேறு பக்கம் திரும்பும். டீபக் செய்கிறவருக்கு வேண்டியது இந்தத் திரும்பல்தான். ஆனால் அது திரும்ப வேண்டுமானால் முட்டிக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். தான் நினைத்த காரணத்தோடு மோதுகிற ஓர் உண்மை முன்னால் இல்லாவிட்டால், எத்தனை நிமிடம் யோசித்தாலும் வழவழப்பான ஒரு கதையோடுதான் வந்து நிற்கும்.

இனி எங்கள் கதை. நோட் ஜேஎஸ்ஸில் ஓடும் ஒரு சேவை, முன்னால் ரிக்வெஸ்ட்டுகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு லோடு பேலன்சர். தினமும் பதினைந்து, இருபது 502 எர்ரர் (பின்னாலுள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று அர்த்தம்) வரும். லட்சக்கணக்கான ரிக்வெஸ்ட்டில் இது கடுகளவு. ஆனாலும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பட்டனை அழுத்திவிட்டு வெள்ளைத் திரையைப் பார்த்து நின்ற தருணம், அதனால் விட மனம் வரவில்லை. எர்ரர் செய்தியையும் சர்வர் கோடையும் ஒரு ரீசனிங் மாடலிடம் கொடுத்தோம். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் தீர்ந்துபோகிறது, மெமரி பற்றவில்லை, டைம்அவுட்டைக் கூட்டுங்கள் என்று சொன்னது. பூலை இரட்டிப்பாக்கினோம், டைம்அவுட்டைக் கூட்டினோம். எண்ணிக்கை அசையவே இல்லை. நீங்கள் இப்போது நிற்கும் இடம் இதுதான்.

பிறகு ஒரு நாள் மாலை கோடை மூடி வைத்துவிட்டு, எங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். விழுந்த ரிக்வெஸ்ட் எதுவும் எங்கள் ஆப் லாக்கில் இல்லவே இல்லை, அதாவது எங்கள் கோடை அது தொடவே இல்லை. லோடு பேலன்சர் லாக்கின்படி அது சில மில்லிசெகண்டிலேயே விழுந்துவிடுகிறது, எனவே காத்திருந்து அலுத்த டைம்அவுட் இல்லை. கூட்டம் அதிகமான காலை பத்து மணிக்கு எர்ரர் குறைவு, ஆள் குறைந்த மதியத்திலும் நள்ளிரவிலும் அதிகம். இரண்டு சர்வரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ரீஸ்டார்ட் செய்தாலும் மாற்றமில்லை.

இந்த ஐந்தையும் புதிய உரையாடலில் போட்டேன். கோடு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்: "இந்த ஐந்தையும் விளக்கக்கூடிய காரணங்கள் நான்கைச் சொல். ஒவ்வொன்றுக்கும் இந்த ஐந்தில் எது சரியாகப் பொருந்தவில்லை என்று சொல். எதைப் பார்த்தால் அந்தக் காரணத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றும் சொல். தீர்வு இப்போது வேண்டாம்."

ஒரு நிமிடத்துக்கு மேல் யோசித்தது. மூன்றாவதாகச் சொன்னது கீப்-அலைவ் மோதல். லோடு பேலன்சர் பின்னால் இருக்கும் சர்வருக்கு ஒரு கனெக்‌ஷனைத் திறந்து, அதையே பல ரிக்வெஸ்ட்டுகளுக்குப் பயன்படுத்தும். எங்கள் லோடு பேலன்சர் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை 60 விநாடி வரை வைத்திருக்கும். நோட் ஜேஎஸ்ஸோ செட்டிங்கை மாற்றாவிட்டால் 5 விநாடியில் மூடிவிடும். சர்வர் கதவைச் சாத்துகிற அதே நொடியில் லோடு பேலன்சர் புது ரிக்வெஸ்ட்டை அனுப்பினால், அது மூடிய கதவில் போய் முட்டும். ரிக்வெஸ்ட் ஏற்கெனவே செயல்பட்டதா இல்லையா என்று லோடு பேலன்சருக்குத் தெரியாது, எனவே மறுபடி அனுப்பத் துணியாமல் 502 கொடுத்துவிடும். கூட்டமான நேரத்தில் எந்தக் கனெக்‌ஷனும் 5 விநாடி சும்மா இருப்பதில்லை, அதனால் காலையில் எர்ரர் குறைவு. எங்களைக் குழப்பிய அந்த மூன்றாவது உண்மை அதுவாகவே இடத்தில் போய் உட்கார்ந்தது.

என் மரியாதையைப் பெற்றது அடுத்து அது சொன்ன வரி. இந்தக் காரணம் சரி என்றால், விழுந்த ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் அதே கனெக்‌ஷனில் முந்தைய ரிக்வெஸ்ட் முடிந்து ஏறக்குறைய 5 விநாடி கழித்து வந்திருக்கும். இடைவெளி கண்டபடி சிதறியிருந்தால் இதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றது. இரண்டு இரவு டிசிபி டம்ப் (நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளின் பதிவு) எடுத்தோம். பதினோரு எர்ரர் சிக்கின. பதினொன்றிலும் இடைவெளி 5 விநாடியை ஒட்டியே இருந்தது. சர்வரிலிருந்து கனெக்‌ஷனை முடிக்கும் ஃபின் பாக்கெட் கிளம்பியிருக்கிறது, எதிரே ரிக்வெஸ்ட் வந்துகொண்டிருக்கிறது, அதற்குப் பதிலாக ரீசெட் போகிறது. நோட் ஜேஎஸ்ஸின் கீப்-அலைவ் நேரத்தை 65 விநாடியாக்கினோம், ஹெடர் டைம்அவுட்டை அதைவிடச் சற்று அதிகமாக வைத்தோம். அன்றோடு அந்த எர்ரர் நின்றது. அதே பதிலில் ஒரு செட்டிங்கின் பெயரை மாடல் தவறாகச் சொல்லியிருந்தது, டாக்குமென்டேஷனைப் பார்த்துத் திருத்திக்கொண்டோம். காரணத்தைச் சரியாகப் பிடிக்கிற மாடல் பெயரில் தவறுவது சகஜம், இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

இரண்டு தடவையும் மாடல் ஒன்றேதான். மாறியது நாங்கள் வைத்த உண்மைகளும், கேட்ட கேள்வியும்.

அதனால் என்ன கொடுப்பது என்பதில்தான் உங்கள் நேரத்தைச் செலவிடச் சொல்வேன். உங்கள் ஊகத்தைக் கலக்காமல் கொடுங்கள். "செலரியில்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன்" என்று ஆரம்பித்தால், அது செலரியிலேயே சுற்றிச் சுற்றி வரும், நீங்கள் சொன்னதை மறுக்க அதற்கு மனம் வராது. எது நடக்கிறது என்பதைப் போலவே எது நடக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். எந்தப் பயனருக்கு வரவில்லை, எந்தச் சர்வரில் வரவில்லை, எந்தத் தேதிக்கு முன் வரவே இல்லை. காரணங்களை வெட்டித் தள்ளுவது பெரும்பாலும் இந்த "வரவில்லை"கள்தான். பதிப்பு எண்களைக் கொடுங்கள், ஒரே லைப்ரரி இரண்டு பதிப்பில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். லாக்கைச் சுருக்கிச் சொல்லாமல் நேரத்தோடு அப்படியே கொடுங்கள். நம் ஊரில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சர்வர் லாக் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், டேட்டாபேஸ் அறிக்கை இந்திய நேரத்தில் இருக்கும். இரண்டையும் அப்படியே ஒட்டினால், ஐந்தரை மணி நேர இடைவெளியை வைத்தே மாடல் இல்லாத ஒரு காரணத்தை அழகாகக் கட்டிவிடும். ஒரே நேர மண்டலத்துக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

வாடிக்கையாளரின் போன் எண், டோக்கன், கடவுச்சொல் எதுவும் உள்ளே போகக்கூடாது. வெறுமனே அழித்துவிட்டால் யார் யாரென்று தெரியாமல் போகும். ஒரே ஆளுக்கு எல்லா இடத்திலும் "பயனர் 7" என்று ஒரே மாற்றுப் பெயர் கொடுத்துவிட்டால் தொடர்பு அறுந்துபோகாது.

எவ்வளவு கோடு கொடுப்பது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2025 மே மாதம் பாதுகாப்பு ஆய்வாளர் ஷான் ஹீலன், ஓபன்ஏஐயின் ஓ3 மாடலைக் கொண்டு லினக்ஸ் கர்னலில் அதுவரை யாரும் கவனிக்காத ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். கேஎஸ்எம்பிடி என்ற ஃபைல் பகிர்வு சர்வர் பகுதியில், ஒரு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் ஒன்று) பயனரை லாக்ஆஃப் செய்து நினைவகத்தை விடுவித்த பிறகும் இன்னொரு த்ரெட் அதையே தொடக்கூடிய நிலை. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2025-37899. இந்த வெற்றியை மட்டும் கேட்டால் மாடல் எதையும் கண்டுபிடித்துவிடும் என்று தோன்றும். ஆனால் அதே பகுதியில் தனக்கு முன்பே தெரிந்த வேறொரு ஓட்டையை வைத்து அவர் செய்த சோதனையையும் பார்க்க வேண்டும். தொடர்புடைய சுமார் 3,300 வரிக் கோடை மட்டும் கொடுத்து 100 தடவை ஓட்டியதில், ஓ3 அதைப் பிடித்தது 8 தடவை. சுமார் 12,000 வரி கொடுத்தபோது 100-க்கு 1 தடவை. மீதியில் பல, இல்லாத ஓட்டையை இருப்பதாகச் சொன்ன அறிக்கைகள்.

எனக்கு இதிலிருந்து இரண்டு பழக்கங்கள் வந்தன. முழு ரெப்போவையும் (மொத்தக் கோடுத் தொகுப்பு) கொட்டாமல், சந்தேகத்துக்குரிய பாதையை மட்டும் நறுக்கிக் கொடுக்கிறேன். கடினமான பக் என்றால் ஒரே கேள்வியைப் புதிய உரையாடல்களில் நாலைந்து தடவை கேட்கிறேன். ஐந்து பதிலும் ஒரே காரணத்தைச் சொன்னால் அது சரி என்று நம்பிவிடுவதில்லை, ஆனால் முதலில் சோதிக்கப் போகிறேன். ஐந்தும் ஐந்து திசையில் போனால், நான் கொடுத்த உண்மைகள் போதவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு நான்கு காரணம் மாறி மாறி வந்ததும் அதனால்தான்.

பழைய உரையாடலிலேயே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முப்பதாவது செய்தியில், தான் பத்தாவது செய்தியில் சொன்ன தவறான ஊகத்தை உண்மையாக எடுத்துக்கொண்டு பேசும். உறுதியானதை மட்டும் பொறுக்கி, புதிதாக ஆரம்பிப்பது எப்போதும் லாபம்.

நம்பிக்கை விஷயத்தில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. திரையில் ஓடும் யோசனையை அதன் உண்மையான மனஓட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். க்ளாட் மாடல்களை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கேள்வியோடு ஒரு துப்பும் கொடுத்து, அந்தத் துப்பைப் பயன்படுத்திக்கொண்ட மாடல் அதைத் தன் யோசனையில் ஒப்புக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். க்ளாட் 3.7 சானெட் ஒப்புக்கொண்டது சராசரியாக 25 சதவீதம், டீப்சீக் ஆர்1 39 சதவீதம். ஆகவே யோசனை நன்றாக இருந்தது என்பது சாட்சியாகாது. இரண்டாவது, "நான் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது" என்ற வரி. ஓ3 மாடலின் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பைச் சோதித்த டிரான்ஸ்லூஸ் என்ற ஆய்வு அமைப்பு, கோடை ஓட்டும் வசதியே இல்லாத இடத்தில்கூட அது லேப்டாப்பில் ஓட்டியதாகச் சொன்னதை 2025 ஏப்ரலில் பதிவு செய்தது. டெர்மினலில் நிஜமாகவே ஓட்டும் கோடிங் ஏஜென்ட்டை வைத்திருந்தாலும், ஓட்டிய கமாண்டையும் வந்த அவுட்புட்டையும் கண்ணால் பாருங்கள்.

ஏஜென்ட்டை எதற்கு விடலாம் என்றால், உடல் உழைப்புக்கு. "எப்போதோ சரியாக இருந்தது, இப்போது இல்லை" என்ற பக்குக்கு, எந்தக் கமிட்டில் (சேமித்த கோடு மாற்றம்) கெட்டது என்று தேடும் கிட் பைசெக்ட் இருக்கிறது. 1,000 கமிட் இருந்தாலும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பத்து சோதனையில் குற்றவாளிக் கமிட் கிடைத்துவிடும். அந்தப் பத்துக்கும் ஓடக்கூடிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லுங்கள், அருமையாக எழுதும். பக்கை வரவழைக்க லோடு கொடுக்கும் ஸ்கிரிப்ட், லாக்கை அலசும் ஸ்கிரிப்ட் எல்லாம் அதனிடம் விடலாம். காரணம் நிரூபணமாகும் வரை மூலக் கோடில் கை வைக்க மட்டும் விடாதீர்கள். விட்டால் ட்ரை-கேட்ச் போடும், ரீட்ரை போடும், நடுவில் ஒரு ஸ்லீப் வைக்கும். அறிகுறி மறையும், நோய் உள்ளேயே இருக்கும். அப்புறம் அதைக் கண்டுபிடிக்கப் போகிறவருக்குச் சுமை இரண்டு மடங்கு.

சரிசெய்தாயிற்று என்று எப்போது சொல்லலாம்? பலரும் இங்கே கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் விட்டிருக்கிறேன். நூற்றில் ஒரு தடவை வரும் பக் என்றால், எதையும் சரிசெய்யாமலேயே 100 தடவை ஓட்டி அது வராமல் இருக்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. 300 தடவை ஓட்டியும் வரவில்லை என்றால்தான் அந்தத் தற்செயல் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். எப்போதாவது வரும் பக்குக்கு, அது எத்தனையில் ஒன்றாக வருகிறதோ அதைப்போல மூன்று மடங்கு ஓட்டிப் பாருங்கள். லாக் வரி ஒன்றைச் சேர்த்ததும் பக் மறைந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். கவனிக்கப் போனால் ஒளிந்துகொள்ளும் இந்த வகைக்கு, கணினி விஞ்ஞானி ஜிம் கிரே 1985-ல் எழுதிய கட்டுரையிலேயே ஹைசன்பக் என்ற பெயர் இருக்கிறது. லாக் எழுத எடுத்த நேரம் த்ரெட்டுகளின் வரிசையை மாற்றியிருக்கும். அதையும் ஓர் உண்மையாக மாடலிடம் சொல்லுங்கள், டைமிங் சார்ந்தது என்ற பெரிய துப்பு அது.

எல்லா பக்குக்கும் இதை நாடவும் வேண்டாம். 2025 ஜூலையில் மீட்டர் என்ற அமைப்பு வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள 16 டெவலப்பர்கள் தங்களுக்கு நன்கு பழக்கமான ஓப்பன் சோர்ஸ் கோடில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ வைத்துக்கொண்டபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது, அவர்களோ 20 சதவீதம் வேகமானதாக நம்பினார்கள். நீங்களே எழுதிய கோடு, ஸ்டாக் ட்ரேஸில் வரி எண் தெளிவாக இருக்கிறது என்றால் நேரே போய்ப் பாருங்கள். உங்களுக்குப் பழகாத லைப்ரரியின் உள்ளே, நெட்வொர்க்கும் டேட்டாபேஸும் உங்கள் கோடும் சந்திக்கும் இடுக்குகளில் இருக்கும் பக்குக்குத்தான் இந்த மாடல்களின் பரந்த படிப்பு கைகொடுக்கும். எங்கள் குழுவில் யாருக்கும் அந்த 5 விநாடி தெரியாது, அதற்குத் தெரிந்திருந்தது.

இனி உங்கள் டூப்ளிகேட் ஆர்டர். மாடலிடம் போவதற்கு முன் டேட்டாபேஸில் ஒரே ஒரு குவரி ஓட்டுங்கள். கடந்த ஒரு மாத ஜோடிகளை எடுத்து, முதல் பதிவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே எத்தனை விநாடி என்று பாருங்கள். அந்த எண்கள் எப்படிக் கூடியிருக்கின்றன என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சில மில்லிசெகண்ட் என்றால் இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் உள்ளே வந்திருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பான ரீட் கமிட்டட் நிலையில் (ஒன்று இன்னும் முடிக்காத பதிவை மற்றது பார்க்காது) இரண்டும் "ஆர்டர் இருக்கிறதா?" என்று பார்க்கும், இரண்டுக்கும் இல்லை என்று பதில் வரும், இரண்டும் எழுதும். ஜாங்கோவின் கெட் ஆர் கிரியேட்டும் (இருந்தால் எடு, இல்லாவிட்டால் உருவாக்கு), டேபிளில் யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக்கூடாது என்ற விதி) இல்லாவிட்டால் இதைத் தடுக்காது. இடைவெளி 30 விநாடிக்குச் சற்று மேல் குவிந்திருந்தால், ஜாங்கோவை ஓட்டும் சர்வர் மென்பொருளான கூனிகார்னின் செட்டிங்கைப் பாருங்கள். மாற்றாவிட்டால், 30 விநாடிக்கு மேல் ஒரே ரிக்வெஸ்ட்டில் சிக்கி நிற்கும் வொர்க்கரைக் கொன்றுவிடும். ஆர்டர் எழுதியாகியிருக்கும், பதில் மட்டும் போயிருக்காது, மொபைல் ஆப் மறுபடி அனுப்பியிருக்கும். ஒரு மணி நேரத்தை ஒட்டிக் குவிந்திருந்தால், நீங்கள் செலரியின் டாஸ்க் வரிசையை வைக்க ரெடிஸ் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். அங்கே விசிபிலிட்டி டைம்அவுட் இயல்பாக 3,600 விநாடி, அதற்குள் ஒப்புகை வராத டாஸ்க்கை வேறு வொர்க்கருக்குக் கொடுத்துவிடும். சிதறலாக இருந்தால் இந்த மூன்றும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் கலந்தும் இருக்கலாம், நான்கை அடைத்தும் பக் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அந்த இடைவெளிகளை, எந்தெந்த மணி நேரத்தில் வருகின்றன என்பதோடும் நீங்கள் ஏற்கெனவே அடைத்த நான்கு வழிகளோடும் சேர்த்து, புதிய உரையாடலில் மேலே சொன்ன மாதிரி கேளுங்கள். கூடவே ஆப்பிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி எண் அனுப்ப வைத்து, டேபிளில் அந்த எண்ணுக்கு யூனிக் இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள். மறுபடி முயலும்போது ஆப் அதே எண்ணை அனுப்ப வேண்டும், புது எண் போட்டால் பயனில்லை. வாடிக்கையாளரிடமிருந்து இரண்டு தடவை பணம் போவது அன்றே நிற்கும். இரண்டாவது பதிவு இனி எர்ரராக விழும், அந்த எர்ரரோடு ரிக்வெஸ்ட் ஐடி, ப்ராசஸ் எண், எந்த வழியாக வந்தது மூன்றையும் லாக்கில் எழுத வையுங்கள். ஒரு வாரத்தில் இருபது முப்பது உதாரணம் கையில் இருக்கும். அவற்றையும் இடைவெளிக் கணக்கையும் இங்கே போடுங்கள், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.